கற்பனை உலகத்தைப் பிறரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது எப்படி?

ஒரு மிகுபுனைவு (ஃபேன்டஸி) உலகத்தை உருவாக்கியவருக்கு அங்கே எல்லாம் தெரியும். எந்த ஆறு எந்த மலையில் பிறக்கிறது, எந்த அரசி யாருக்குப் பயந்து தலைநகரை மாற்றினாள், எந்த மரத்தின் பட்டையை மென்றால் தூக்கம் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாசகருக்குத் தெரிவது தாளில் இருப்பது மட்டும். இந்த இடைவெளியை எழுதியவர் தனியாக உட்கார்ந்து அளக்க முடியாது. தன் பக்கத்தைப் படிக்கும்போது தாளில் இல்லாததையும் அவர் மனம் சேர்த்தே படித்துவிடும். இன்னொருவரின் கண் தேவைப்படுவது இதனால்தான்.

ஆனால் "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. "படித்து முடித்ததும் உங்கள் மனத்தில் எப்படிப்பட்ட உலகம் நிற்கிறது? அதை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்பதற்கான ஏற்பாடுகள்தான்.

என் உலகத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அங்கே காற்று வீசாது. பேசிய பேச்சு கரைந்து போகாமல் தூசியைப் போலத் தரையிலும் சுவரிலும் படியும். அருகே போனால் மறுபடி கேட்கும். ஓராண்டில் தானாக மங்கிவிடும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் ஆள் வைத்துப் பெருக்குவார்கள்; குரல் பெருக்குவது அங்கே ஒரு தொழில். இந்த உலகத்தைப் பற்றி என் குறிப்பேட்டில் அறுபது பக்கங்கள் சேர்ந்திருந்தன. ஏழு பள்ளத்தாக்குகளின் வரலாறு, மன்னர் வரிசை, நாள்காட்டி, வரைபடம் எல்லாம் அதில் இருந்தன. அதை அப்படியே ஒரு நண்பரிடம் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, மிகுந்த சங்கடத்தோடு, "வரைபடம் அழகாக இருந்தது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாசகரால் பதில் சொல்லக்கூடிய எதையும் நான் அவரிடம் கொடுத்திருக்கவில்லை.

முதல் படி: எதைக் காட்டுவது?

ஓர் உலகத்தை மூன்று விதமாக முன்வைக்கலாம். ஒரு பக்க அறிமுகமாக எழுதலாம், கதைக் காட்சியாகக் காட்டலாம், வரைபடமும் காலவரிசையும் சொற்பட்டியலும் அடங்கிய குறிப்பேட்டைக் கொடுக்கலாம். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் நீட்டுகிறார்கள். அதிக உழைப்பு அதில்தான் போயிருக்கிறது என்பதால் அந்த ஆசை இயல்பானது. ஆனால் குறிப்பேடு என்பது தச்சுப்பட்டறை. நாற்காலி வசதியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், வந்தவரை நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும்.

ஆகவே முதல் சுற்றுக்கு ஒரே ஒரு காட்சி போதும். ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு சொற்களுக்குள் இருக்கட்டும். அதில் ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும். அந்த உலகத்தின் இயல்பு அதற்குக் குறுக்கே நிற்க வேண்டும் அல்லது வழிவிட வேண்டும். இது அமைந்தால் விதிகளைத் தனியாக விளக்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களிடம் இதற்கு ஓர் அருமையான அளவுகோல் முன்பே இருக்கிறது. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கருப்பொருள். பிரிதல், காத்திருத்தல், ஊடுதல் போன்ற மனித நிலைகள் உரிப்பொருள். முதற்பொருளைக் காட்டிலும் கருப்பொருளும், கருப்பொருளைக் காட்டிலும் உரிப்பொருளும் சிறந்தவை என்பது அங்கே சொல்லப்படும் முறை. உலகம் படைக்கும் கலைக்கு இதைவிடச் சுருக்கமான பாடத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. மூன்று நிறப் பென்சில்களை எடுத்து உங்கள் பக்கத்தில் எந்த வரி முதல், எந்த வரி கரு, எந்த வரி உரி என்று கோடிட்டுப் பாருங்கள். நான் என் அறுபது பக்கங்களுக்குக் கோடிட்டேன். மூன்றாவது பென்சிலைக் கூர்சீவ வேண்டிய தேவையே வரவில்லை.

இரண்டாம் படி: பெயர்களைச் சலித்தெடுப்பது

முதல் பக்கத்தில் மூன்று புதுப் பெயர்களுக்கு மேல் வேண்டாம். நாடு, ஊர், குலம், ஆள், கருவி எல்லாம் சேர்த்தே மூன்று. நான்காவது பெயர் வரும்போது வாசகரின் கண் அதைத் தாண்டிப் போகத் தொடங்குகிறது. அப்படித் தாண்டிய பெயர் பத்தாம் பக்கத்தில் முக்கியமாகும்போது அவருக்கு யார் என்றே தெரியாது.

தமிழில் பெயர் வைப்பதற்கென்று தனியாக இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, நம் எழுத்து. வல்லின எழுத்து ஒன்று சொல்லின் நடுவே உயிருக்குப் பின் தனியாக வந்தால் மென்மையாக ஒலிக்கும். இரட்டித்தால்தான் வன்மையாக ஒலிக்கும். நான் ஒரு பள்ளத்தாக்குக்கு "அகடம்" என்று பெயர் வைத்து, பாறை உடைவதைப் போன்ற ஓசையை மனத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். உரக்கப் படித்த நண்பரின் வாயில் அது வெண்ணெயைப் போல வழுக்கியது. "அக்கடம்" என்று மாற்றியதும் பாறை வந்துவிட்டது. எப்படி உச்சரிப்பது என்று முன்கூட்டிச் சொல்லாமல், ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பதைத் தவிர இதைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

இன்னொன்று, பொருள். தமிழ் ஓசை உள்ள எந்தப் பெயரிலும் வாசகர் பொருள் தேடுவார். ஓர் அரசிக்கு ஓசைக்காக மட்டும் "விடியா" என்று பெயர் வைத்திருந்தேன். படித்த மூவருமே அவளுக்கு விடிவில்லாத ஏதோ சாபம் இருக்கிறது என்று முடிவு செய்து, அது எப்போது வெளிப்படும் என்று கடைசிவரை காத்திருந்தார்கள். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற எழுத்துகளும் இப்படித்தான். ஒரு குலத்தின் பெயர்களில் அவை இருந்து மற்றொரு குலத்தில் இல்லையென்றால், இரண்டு குலங்களும் வேறு மொழி பேசுகிறவர்கள் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அதை நீங்கள் நினைத்தே செய்தால் அது அழகு. தெரியாமல் நேர்ந்தால் தவறான கதவு திறந்துகொள்கிறது.

மூன்றாம் படி: யாரிடம் கொடுப்பது?

ஐந்து பேர் போதும். மிகுபுனைவை விரும்பிப் படிக்கிறவர் ஒருவர், அந்தப் பக்கமே போகாத நல்ல வாசகர் ஒருவர், தானும் எழுதுகிறவர் இருவர், எதையும் கேள்வி கேட்கும் குணமுள்ளவர் ஒருவர் என்று அமைந்தால் நல்லது. முதலாமவர் உங்கள் உலகத்தில் பழைய சரக்கு எது என்று சொல்லிவிடுவார். இரண்டாமவர் எந்த இடத்தில் வழி தவறுகிறது என்று காட்டுவார். வீட்டிலிருப்பவர்களைத் தவிர்ப்பது நல்லது. உங்கள் மேல் வைத்திருக்கும் அன்பு தாளிலுள்ள ஓட்டைகளை அவர்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

ஐந்து பேர் கிடைத்ததும் ஐவருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தொடக்கத்தில் எல்லோரும் வீணடிப்பது இதைத்தான். ஒரு வாசகர் உங்கள் உலகத்துக்குள் முதன்முறையாக ஒருமுறைதான் நுழைய முடியும். இரண்டாம் முறை வரும்போது அவருக்குக் குரல் படியும் என்பது தெரியும். தாள் சொல்லாததை நினைவு சொல்லிவிடும். ஆகவே முதலில் இருவர், திருத்திய பிறகு இன்னும் இருவர். ஐந்தாமவரைக் கடைசிவரை ஒன்றும் தெரியாதவராகவே காப்பாற்றுங்கள். அவரிடம் போகிற போக்கில் கதைச்சுருக்கத்தைச் சொல்லிவிடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஆள் எப்படிக் கிடைப்பார்கள் என்று கேட்டால், அவர்கள் எழுதியதை முதலில் நீங்கள் படித்துக் கருத்துச் சொல்லுங்கள். கவனமாகப் படித்து எழுதிய ஒரு பக்கக் கருத்துக்குப் பதிலாக, உங்கள் காட்சியைப் படிக்க மறுக்கும் எழுத்தாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நான்காம் படி: எப்படிக் கேட்பது?

காட்சியோடு ஒரு சிறு கடிதம் போக வேண்டும். நான் இப்போது அனுப்புவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"இது ஒரு நாவலின் முதல் காட்சி. 1,200 சொற்கள். இரண்டாவது திருத்தம். எழுத்துப் பிழைகளை இப்போது பார்க்க வேண்டாம். ஒரே மூச்சில் படித்துவிட்டு, தாளை மூடி வைத்துவிட்டு, இந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று ஐந்து வரி எழுதுங்கள். பிறகு இரண்டாம் முறை படிக்கும்போது ஓரத்தில் குறியிடுங்கள்: புரியாத இடத்தில் கேள்விக்குறி, நம்ப முடியாத இடத்தில் பெருக்கல் குறி, கவனம் சிதறிய இடத்தில் சுழி, மேலும் தெரிந்துகொள்ள ஆசை வந்த இடத்தில் நட்சத்திரம். காரணம் எழுத வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். முடியாவிட்டால் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

குறிகளை வைப்பதில் ஒரு நன்மை உண்டு. "இங்கே எனக்கு அலுப்பாக இருந்தது" என்று ஒரு நண்பரால் வாய்விட்டுச் சொல்வது கடினம். ஒரு சுழியை ஓரத்தில் வரைவது எளிது. நட்சத்திரத்தையும் மறக்க வேண்டாம். எது வேலை செய்கிறது என்று தெரியாமல் திருத்தப் போனால் நல்ல இடத்தை முதலில் வெட்டிவிடுவோம்.

அவையடக்கம் பாடும் வழக்கத்தை இந்த ஒரு கடிதத்தில் மட்டும் விட்டுவிடுங்கள். "அவசரத்தில் எழுதியது, குறைகள் நிறைய இருக்கும்" என்று தொடங்கினால், படிப்பவர் உங்களை ஆறுதல்படுத்தும் வேலையில் இறங்கிவிடுவார்.

ஐந்தாம் படி: பேசாமல் கேட்பது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மில்ஃபர்ட் என்ற சிற்றூரில் 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடி ஒருவர் எழுதியதை ஒருவர் விமரிசிக்கும் பட்டறையைத் தொடங்கினார்கள். 1968இல் அதே மாநிலத்தில் தொடங்கிய கிளாரியன் பட்டறையும் அந்த முறையையே பின்பற்றியது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. எழுதியவர் எல்லோரும் முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில்தான் அவருடைய முறை. இன்றும் உலகமெங்கும் எழுத்துப் பட்டறைகளில் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது.

உலகம் படைப்பவர்களுக்கு இந்த மௌனம் மற்ற எழுத்தாளர்களைவிட இரட்டிப்புத் தேவை. நம்மிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது, வாய் துடிக்கும். ஒருமுறை வேணி என்ற பெண் இறந்த கணவனின் அறைக்குள் நுழையும் காட்சியைக் கொடுத்திருந்தேன். ஒரு வாசகர் திருப்பிச் சொல்லத் தொடங்கினார்: "இந்த ஊரில் பேய்கள் உண்டு. இறந்தவர்கள் வீட்டைவிட்டுப் போவதில்லை." பேயா? என் உலகத்தில் பேயே கிடையாது. குரல் படிவது இயற்கை, மழை பெய்வதைப் போல. "இல்லை, இல்லை" என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "எந்த வரியில் அப்படித் தோன்றியது?" என்று மட்டும் கேட்டேன். அவர் விரல் வைத்த வரி இது: "கட்டிலின் அருகிலிருந்து அவன் குரல் அவளை அழைத்தது."

தவறு ஒரே ஒரு வினைச்சொல்லில் இருந்தது. அழைப்பதற்கு ஒருவர் வேண்டும், அவருக்கு ஒரு நோக்கமும் வேண்டும். படிந்த குரலுக்கு இரண்டும் இல்லை. "அழைத்தது" என்பதை எடுத்துவிட்டுக் "கிடந்தது" என்று எழுதினேன். அடுத்துப் படித்த இருவரும் பேய் என்ற சொல்லையே எடுக்கவில்லை. அன்று நான் விளக்கம் சொல்லியிருந்தால் அந்த ஒரு வாசகருக்குப் புரிந்திருக்கும். வரி அப்படியே இருந்திருக்கும்.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் அந்த நேரத்தில் இரண்டுதான்: "எந்த வரியில்?", "அப்போது என்ன நடக்கப்போகிறது என்று நினைத்தீர்கள்?" மற்ற நேரமெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சொற்களுக்கு மாற்றும்போதே பாதியைச் சமாதானம் செய்துவிடுவோம்.

ஆறாம் படி: வந்ததைப் பிரிப்பது

கருத்துகள் வந்த அன்றே திருத்த உட்காராதீர்கள். இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும். பிறகு மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

இருவர் ஒரே இடத்தில் குறியிட்டிருந்தால் அது முதல் குவியல். அவர்கள் சொல்லும் காரணங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும் பரவாயில்லை. ஒருவர் "இங்கே விளக்கம் கூடிவிட்டது" என்பார், மற்றவர் "விளக்கம் போதவில்லை" என்பார். அந்தப் பத்தியில் கோளாறு இருக்கிறது என்பதில் இருவரும் ஒன்றுதான். எங்கே வலிக்கிறது என்பதை நோயாளி சரியாகச் சொல்வார், மருந்தை அவரே எழுதத் தேவையில்லை. "ஒரு டிராகன் வந்தால் நன்றாக இருக்கும்" என்று யாராவது சொன்னால், டிராகனை விட்டுவிட்டு, அந்த இடத்தில் அவருக்கு என்ன குறைந்தது என்று யோசியுங்கள். பெரும்பாலும் ஆபத்து இல்லாததுதான் குறை.

இரண்டாவது குவியல், உங்கள் உலகத்தின் தர்க்கத்தைப் பற்றிய கேள்விகள். இவை பெரும் வரவு. "பேச்செல்லாம் படியும் என்றால் சந்தையில் எப்படிப் பேரம் பேசுவார்கள்? நேற்றைய விலை இன்றும் கேட்டுக்கொண்டிருக்குமே?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு அது தோன்றியதே இல்லை. யோசித்தபோது, என் சந்தையில் யாரும் வாய்விட்டு விலை சொல்வதில்லை, விரல்களால்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. "நீதிமன்றத்தில் பொய்யே சொல்ல முடியாதே?" என்றார் இன்னொருவர். சொல்ல முடியும், முந்தைய இரவில் ஒரு பெருக்குபவரைக் கையில் போட்டுக்கொண்டால். அறுபது பக்க வரலாற்றில் கிடைக்காத கதை, அந்த ஒரு கேள்வியில் கிடைத்தது. எல்லாக் கேள்விக்கும் தாளில் பதில் எழுத வேண்டியதில்லை. உங்களுக்குப் பதில் தெரிந்திருந்தால், அந்த உறுதி வரிகளில் தானாகத் தெரியும்.

மூன்றாவது குவியல் ரசனை. "எனக்குச் சோகக் கதைகள் பிடிக்காது" என்பது போன்றவை. நன்றியோடு வாங்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஏழாம் படி: திருத்தி, புதியவரிடம் கொடுப்பது

என் முதல் வடிவம் இப்படித் தொடங்கியது:

"ஏழு பள்ளத்தாக்குகளும் ஒரே கொடியின் கீழ் வந்த பிறகு, காற்றில்லாத அந்நாட்டில் குரல்கள் படியும் இயல்பை முறைப்படுத்தும் பொருட்டுப் பெருக்குநர் சபை நிறுவப்பட்டது."

முதல் இருவரும் இந்த வரியின் ஓரத்தில் சுழி போட்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில், வேணி துடைப்பத்தோடு நிற்கும் இடத்தில், இருவருமே நட்சத்திரம் போட்டிருந்தார்கள். ஆகவே சுழியை வெட்டி, நட்சத்திரத்தை முன்னால் கொண்டுவந்தேன்:

"வேணி துடைப்பத்தைக் கதவோரம் சாய்த்தாள். மற்ற அறைகளைப் பெருக்கியாகிவிட்டது. இந்த அறையில், கட்டிலின் தலைமாட்டில், அவன் இருமல் இன்னும் கிடந்தது. இன்னும் பதினொரு நாளில் அது தானாக மங்கிவிடும்."

சபையும் கொடியும் ஏழு பள்ளத்தாக்குகளும் போய்விட்டன. அவை குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கின்றன. நாற்பதாம் பக்கத்தில் சபையின் ஆள் வந்து கதவைத் தட்டும்போது தேவைப்படும். விதிகளை எடுத்துவிட்டால் வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. துடைப்பம், இருமல், பதினொரு நாள் என்ற மூன்றே பொருள்களிலிருந்து அடுத்த இருவரும் முழு விதியையும் தாங்களாகவே கட்டிச் சொன்னார்கள்.

ஒவ்வொரு வடிவத்திலும் தேதியை எழுதித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் திருத்தத்தில், முதலாவதில் இருந்த ஏதோ ஒன்று நன்றாக இருந்தது என்று தோன்றும். அப்போது தேட வேண்டியிருக்கும். படித்தவர்களுக்கு, அவர்கள் சொன்னதில் எது எந்த வரியை மாற்றியது என்று குறிப்பிட்டு நன்றி எழுதுங்கள். அடுத்த முறை அவர்கள் இன்னும் கூர்மையாகப் படிப்பார்கள்.

பிறரின் உலகத்துக்கு நீங்கள் கருத்துச் சொல்லும் முறை வரும்போது, உங்கள் உலகத்தின் விதிகளை அங்கே கொண்டுபோகாதீர்கள். "மந்திரத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும்" என்பது போன்ற பொது விதிகளும் வேண்டாம். நீங்கள் என்ன பார்த்தீர்கள், எங்கே பார்வை மங்கியது என்று மட்டும் சொல்லுங்கள். நான் வேணியின் வினைச்சொல்லைக் கண்டுபிடித்ததே, பிறகு இன்னொருவரின் கடல் நாட்டைப் படித்தபோது ஒவ்வொரு வினைச்சொல்லையும் நின்று பார்க்கப் பழக்கியது.

எல்லாத் திருத்தங்களும் முடிந்த பிறகு, ஒன்றும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்த ஐந்தாமவரிடம் காட்சியைக் கொடுத்தேன். அவர் மிகுபுனைவு படிக்காதவர். திருப்பிச் சொல்லச் சொன்னேன். குரல் படிவதைப் பற்றி, அது எங்கும் நடக்கிற காரியம் என்பதைப் போல ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, தாளைக் கீழே வைத்தார். "பதினோராம் நாள் அவள் அந்த அறைக்குள் போவாளா?" என்று கேட்டார். அடுத்த அத்தியாயத்தை அன்று மாலை எழுதத் தொடங்கினேன்.